ரிஜிஸ்டரில் ஒரு வரி

1927 டிசம்பர் 5, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஆஸ்பத்திரிக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். வார்டில் பதினொரு பேர், எல்லாம் குளிர்காய்ச்சல். கொய்னா மருந்து நாலு நாளைக்குத்தான். சாஆ டவுன் ரோட்டில் வெள்ளம், மருந்து லாரி வரவில்லை.

நேற்று செத்துப்போன காளியம்மாளைக் காலையில் புதைத்தார்கள். நிறைமாதக்காரி. காய்ச்சலோடு வலி கண்டது. பிள்ளையும் தங்கவில்லை. புருஷன் ராசு, ரப்பர் மரத்தில் பால்வெட்டு ஆள். மழையில் நனைந்துகொண்டே நின்றார்.

ரிஜிஸ்டரில் எழுதினேன்: வலி கண்டதை ஆயா டிரெஸ்ஸருக்குத் தெரிவிக்கவில்லை.

டிரெஸ்ஸர் நான்தான், இங்கே மருந்து கொடுப்பவன். நடந்தது வேறு. ஆஸ்பத்திரி ஆயா அஞ்சலை ஜெபவீட்டுக்கு இரண்டு தடவை வந்தாள். நேற்று மத்தியானம் மூன்று மணி, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி, நான் ஆர்மோனியம். முதல் தடவை வாசலில் நின்றபடி, "ஐயா, அந்தப் புள்ளைக்கு முடியலங்க, வந்து பாருங்க." கையைக் காட்டினேன், இதோ என்று. அடுத்த தடவை சேலையெல்லாம் சேறு. ஓடி வந்திருக்கிறாள். "பாட்டு முடியட்டும்" என்றேன். தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணியார் தானியேல், சபை மூப்பரும் அவர்தான், கதவைச் சாத்தச் சொன்னார்.

நான் போனபோது நாலரை.

6, செவ்வாய்

தூறல். தோட்டத்துத் துரை அஞ்சலையைக் கூப்பிட்டு விசாரித்தார். நானும் ஆபீசில்.

"ரெண்டு வாட்டி போய்ச் சொன்னேங்க. ஐயாவையே கேளுங்க."

துரை என்னைப் பார்த்தார். "வரலைங்க" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது.

பயிற்சியில் பதினாலு பேர் இருந்தார்கள். எல்லாரும் அவளைப் பார்த்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே திறக்கவில்லை, அவர்களை என்ன சொல்ல.

சாயங்காலமே லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஒரு மூட்டை, ஒரு கோழி. ஆஸ்பத்திரி வழியாகத்தான் போனாள். திட்டுவாள் என்று உள்ளேயே இருந்தேன். திட்டவில்லை.

ஈஸ்டரில் ஞானஸ்நானம் எடுத்து யாக்கோபு ஆனேன். அதற்கு முன் இருபத்தொன்பது வருஷம் முருகையன். கோபக்காரன், சீட்டாடினவன். ஆனால் ஒருத்தி பிழைப்பைக் கெடுத்ததில்லை. யாக்கோபு கெடுத்தான்.

8, வியாழன்

புண் கட்டு 9. கண் மருந்து 3. பாம்புக்கடி என்று ஒருவன், பார்த்தால் முள். கொய்னா வந்தது.

பெ. கிராணியார் வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னவர் அவர்தானே. முகம் கறுத்துவிட்டது. "வா தம்பி" என்று முழங்கால் போட்டார். நெடுநேரம் ஜெபம். அழுதார். நடிப்பில்லை, தோள் குலுங்கியது. எனக்கும் அழுகை.

எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆண்டவர் மன்னிச்சிட்டாரு. துரை மன்னிக்க மாட்டான். இதோட விட்டுரு. இந்த ஜெபவீட்டுக்கு எடம் வாங்க நாலு வருசம் நடந்தேன் தம்பி. பாட்டுப் பாடிக்கிட்டு ஒரு பொம்பளைய சாகவிட்டாங்கன்னு லயத்துல பேசினா?"

அப்படித்தானே செய்தோம் என்று கேட்கவில்லை. காப்பி கொடுத்தார்கள். குடித்தேன்.

11, ஞாயிறு

வெயில், பல நாளைக்குப் பிறகு. ஆராதனை. முன்வரிசைப் பாய்க்கு இரண்டு அம்மாமார் சண்டை, வழக்கம்போல். உபதேசியார் பிரசங்கம், மனந்திரும்புதல் பற்றி. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஆர்மோனியத்தில் கை வைத்தேன். அந்தக் கதவு எனக்கு நேர் எதிரே.

பெ. கிராணியாரை வெறுக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதுதான் நிஜம்.

12, திங்கள்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் துரையிடம் சொல்லிவிட்டேன்.

"ஏன் இப்போ சொல்றே?"

"அன்னிக்குப் பயந்துட்டேங்க."

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: ரிப்போர்ட் மேலே போய்விட்டது. ரிஜிஸ்டரைத் தொடக்கூடாது. அந்தப் பொம்பளை போனவள் போனவள்தான். "போ, வேலையப் பாரு."

வேலையைப் பார்த்தேன். மருந்து கொடுத்து முடித்துவிட்டு, ரிஜிஸ்டரை எடுத்து அந்த வரியை அடித்தேன். கீழே எழுதினேன்: ஆயா இரு முறை தெரிவித்தாள். டிரெஸ்ஸர் நாலரை மணி வரை வரவில்லை. முழுப் பெயர், கையெழுத்து.

13, செவ்வாய்

துரை பார்த்துவிட்டார். இருபத்து நாலாம் தேதிக்குள் நான் போக வேண்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். எனக்கு எதிரேயே.

15, வியாழன்

அஞ்சலை பக்கத்துத் தோட்டத்தில், அண்ணன் வீட்டில். நடந்தே போனேன். அட்டைக்கடி, இரண்டு காலிலும். புல் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். துரையிடம் சொன்னதைச் சொன்னேன்.

"திரும்ப வேலைக்குக் கூப்புடுறாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

மன்னிப்பு கேட்டேன். கத்தியைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"உங்க சாமிகிட்ட சொன்னீங்க. கிராணிகிட்ட, துரைகிட்ட. இப்ப எங்கிட்ட. ராசு அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

இல்லை.

"அந்தப் புள்ள செத்தது அவருக்கு."

உட்காரச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் மழை.

18, ஞாயிறு

விஷயம் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆர்மோனியத்தில் உபதேசியாரின் மருமகன். என் பாயில் நான் மட்டும். பெ. கிராணியார் இரண்டு தடவை இருமினார், பார்க்கவில்லை. ஓர் அம்மா பின்னால் மெதுவாக: "இவனாலதான் நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு."

பாதிப் பாட்டில் தோமாஸ் வந்தான். ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூண்டு வேலைக்காரன். சனிக்கிழமை குடித்தால் ஞாயிறு வரை நாறும். அவனைச் சபையிலிருந்து நிறுத்தச் சொல்லி வைகாசியில் மனு எழுதியவர்களில் நானும் ஒருவன். அவனுக்கும் அது தெரியும். நேரே வந்து என் பாயில் உட்கார்ந்தான். "தள்ளி உக்காரு ஐயா, எடம் பத்தல." வேறு பேச்சில்லை. அந்த நாற்றத்தோடு ஒன்றாய் ஜெபம் பண்ணினோம். இன்றைக்குத்தான் ஜெபம் வந்தது.

ராசுவிடம் இன்னும் போகவில்லை. பயம். துரையிடம் இருந்ததைவிட அதிகம்.

19, திங்கள்

மழை விட்டு ஈரக்காற்று. வெட்டு முடிந்து ஆட்கள் வந்ததும் லயத்துக்குப் போனேன். ராசு வாசலில் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவள் இரண்டு தடவை வந்தது, கதவு சாத்தினது, நாலரை மணி, பொய். எதையும் குறைக்கவில்லை.

வாளியைக் கவிழ்த்து வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை.

"ஐயா, என்ன புள்ளைங்க?"

புரியவில்லை.

"நான் அன்னிக்கு வாய்க்கா வேலையில இருந்தேன். வந்தப்பவே துணியில சுத்திட்டாங்க. ஆணா பொண்ணான்னு யாரும் சொல்லல. கேக்கவும் வாய் வரல."

"பொம்பளப் புள்ள."

"ஓ" என்றார். பிறகு, "முடி இருந்திச்சா?"

"நெறைய இருந்திச்சு."

படியில் உட்கார்ந்துவிட்டார். நான் போகத் திரும்பினேன். போகாதே என்று கையைக் காட்டினார்.