ஸ்பாமுக்குப் போன கப்பல் வேலை

அக்டோபர் 6, திங்கள்
காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது. யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிலிண்டர் புக்கிங். முட்டி வலி, மாடி ஏறுவது இன்று இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

நான் மெயில் நடத்தும் ஆபீஸ்களில் மூன்றிலிருந்து, அனுப்பிய மெயில் போய்ச் சேரவில்லை என்று புகார். என் சர்வரிலிருந்து போவதெல்லாம், ஊரே இலவச மெயில் வைத்திருக்கும் பெரிய கம்பெனியின் பெட்டிகளில் ஸ்பாமுக்குள் விழுகிறது. திரும்பி வந்தால் தெரிந்தாவது போகும். இங்கே எல்லாம் 'சேர்ந்தது' என்றே காட்டுகிறது.

காரணம் தேட வேண்டியதில்லை. நான்தான். ஆயுத பூஜை அன்று சாத்தாங்காடு இரும்புக்கடை அண்ணாச்சி, பொட்டு வைத்த கட்டிங் மெஷின் படத்தோடு எல்லோருக்கும் வாழ்த்து அனுப்பச் சொன்னார். "தம்பி, பொரி குடுக்க முடியாதவங்களுக்கு வாழ்த்தாவது போவட்டும்" என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவரிடம் இத்தனை வருடம் சேர்ந்த விசிட்டிங் கார்டில் இருந்த முகவரி அத்தனைக்கும். பாதிப் பேருக்கு அவர் யாரென்றே மறந்திருக்கும். சிலர் உயிரோடேயே இல்லை. மீதிப் பேர் ஸ்பாம் பட்டனை அமுக்கிவிட்டார்கள். அன்று நானும் சர்வருக்குச் சந்தனம் வைத்து, பொரி தின்றுகொண்டே அனுப்பினேன். அறிவு கெட்டவன்.

பதினொரு ஆபீஸுக்கும் ஒரே சர்வர், இன்டர்நெட்டில் ஒரே ஐ.பி. எண். ஒரு வீட்டுச் சாக்கடை அடைத்தால் சந்தே நாறும்.

அக். 7, செவ்வாய்
பெரிய கம்பெனியின் புகார்ப் படிவம் நிரப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில். மனிதர் எழுதியதில்லை. 'உங்கள் கோரிக்கையைப் பெற்றோம்.' அவ்வளவுதான்.

செக் பண்ணியவை:
— டிஜிட்டல் கையெழுத்து. சரி.
— டொமைன் பதிவுகள். சரி.
— தடைப் பட்டியல்கள். எதிலும் நான் இல்லை.

எல்லாம் சரி, ஆனாலும் ஸ்பாம். ஒரு நாளைக்கு நூறு மெயில்கூட அனுப்பாத சர்வருக்கு நல்ல பெயர் சேர வழியே இல்லை போலிருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது? கதவு இருந்தால் தட்டலாம்.

பேட்டரிக்குத் தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை.

அக். 9, வியாழன்
கண்டெய்னர் லாரி நெரிசல். டீ குடிக்கத் தெருவைத் தாண்ட கால் மணி நேரம்.

மதியம் ஓர் ஆள் மாடி ஏறி வந்தான். பெயர் டில்லி, ஊர் காத்திவாக்கம். முப்பது வயதிருக்கும். பிலோ அக்கா ஆபீஸில் கப்பல் வேலைக்குப் பதிந்து இரண்டு வருடமாகக் காத்திருப்பவன். (பி. அக்கா ராயபுரத்தில் கப்பலுக்கு ஆள் அனுப்புகிறவர். அவர் மெயிலும் என் சர்வர்தான்.) திங்கட்கிழமை வேலைக் கடிதம் போயிருக்கிறது. புதன் மாலைக்குள் இவன் மெயிலில் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். இன்று அக்கா ஆபீஸுக்குப் போனபோதுதான் இவனுக்கே தெரிந்ததாம்.

"நீதான் மெயில் உடுற ஆளா சார்? எனக்கு லெட்டரே வர்ல."

போனை வாங்கி ஸ்பாமைத் திறந்து காட்டினேன். மேலே கடன் விளம்பரம், கீழே தொப்பை குறைக்கும் மருந்து. நடுவில் கப்பல் பெயர், துறைமுகம், சேர வேண்டிய தேதி. "கீது சார்... இங்கதான் கீது" என்று மெதுவாகச் சொன்னான். இரண்டு தடவை படித்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பெரிய கம்பெனிதான் காரணம் என்றேன். வாழ்த்துக் கதையைச் சொல்லவில்லை.

அக். 10, வெள்ளி
பி. அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். டில்லியின் இடம் வேறொருவனுக்குப் போய்விட்டதாம். ஒரு தடவை போன் செய்தாராம், சுவிட்ச் ஆஃப். அவன் இறால் பிடிக்கக் கழிமுகத்தில் இறங்கியிருந்த நேரம். பசங்கள் மூன்று ஆபீஸில் பதிவார்கள், எது முதலில் வருகிறதோ அதில் சத்தமில்லாமல் ஏறிவிடுவார்கள். பதில் இல்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அந்த வழக்கத்தில் மறுபடி கூப்பிடவில்லை.

உங்கள் மெயிலைப் பெரிய கம்பெனிக்கே மாற்றிவிடலாம் என்று நானே சொன்னேன். அக்கா பதிவு நோட்டை மூடி வைத்தார். "வெள்ளத்துல கூட உன் மெயிலு நிக்கலப்பா. ஆனா பசங்க பொழப்பாச்சே."

மாற்ற ஒரு வாரம் ஆகும். அதற்குள் அடுத்த கப்பலுக்குக் கடிதம் போனால் நேரில் போய்ச் சொல்வது என் வேலை என்றேன்.

அக். 14, செவ்வாய்
தூறல். டில்லிக்கு இன்னொரு கப்பல். பத்து மணிக்கு அக்கா அனுப்பினார். போன் மறுபடி சுவிட்ச் ஆஃப். பத்தேகாலுக்கு நான் பஸ்ஸில்.

வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். போனைப் போட்டுத் திறந்தால் மறுபடி ஸ்பாமில்தான். 'ஸ்பாம் இல்லை' என்பதை அமுக்கச் சொன்னேன். அண்ணாச்சி வாழ்த்து, பொரி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"வேல போச்சுன்னு எங்கம்மா ரெண்டு நாளு சரியா துன்னல சார்." பிறகு போனைக் காட்டி, "இப்போ நீ நல்லவன்னு நான்தான் அமுக்கணுமா?"

அமுக்கினான். சம்மதக் கடிதம் என் எதிரிலேயே போனது. அவன் அம்மா டீ கொடுத்தார். குடிக்க வெட்கமாக இருந்தது. குடித்தேன்.

அக். 17, வெள்ளி
பி. அக்கா மெயில் முழுக்க மாற்றியாகிவிட்டது. பதினொன்று, பத்து ஆனது. மிச்சப் பேரும் ஒவ்வொருவராகப் போவார்கள். சண்டை போடத் தெம்பில்லை.

அண்ணாச்சி போன். தீபாவளி வாழ்த்து ரெடியாம். இனி வேண்டாம் என்று காரணம் சொன்னேன். "வாழ்த்துனது ஒரு குத்தமா தம்பி?" என்றார். வருத்தம்தான் அவருக்கு.

அக். 23, வியாழன்
நல்ல மழை. மாடியில் ஒழுகல், சர்வர் மேல் பிளாஸ்டிக் போட்டேன்.

சாயங்காலம் டில்லியிடமிருந்து மெயில். ஏர்போர்ட்டில் இருக்கிறானாம். 'சார் நான் கிளம்பறேன், அம்மா உங்களுக்கு சொல்ல சொன்னாங்க.' பெரிய கம்பெனியின் பெட்டியிலிருந்து ஒரு நொடியில் எனக்கு வந்துவிட்டது.

பதில் அடித்தேன். பத்திரமாகப் போய் வா, அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நாலு வரி. அவன் அன்றைக்கு அமுக்கியதால் போய்ச் சேரலாம். சேராமலும் போகலாம். அழித்துவிட்டு போன் போட்டேன்.