மஞ்சள் கைப்பிடி

நவம்பர் 4, செவ்வாய்

கரண்ட் எங்கள் பெயருக்கு மாறிவிட்டது. இதற்கே செருப்புத் தேய நடந்தாயிற்று. கரண்ட் ஆபீஸில் பேங்க் கணக்கு கேட்டார்கள். பேங்கில் கரண்ட் பில் கேட்டார்கள். இரண்டும் இல்லாதவர்கள் இந்த நாட்டில் இருட்டில் உட்கார வேண்டியதுதான் போல. கடைசியில் இவருடைய மேனேஜர் ஒரு போன் போட்டார், முடிந்தது.

இன்று கேஸும் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, மஞ்சள் கைப்பிடி வைத்த வால்வு. மாமா குனிந்து திறந்து மூடிப் பார்த்தார். “சிலிண்டர் தூக்குற வேலை இல்ல. நல்லதுமா” என்றார். மகன் வீடு என்று இங்கே வந்த பிறகு அவர் வாயிலிருந்து ‘நல்லது’ வருவது இதுதான் முதல் தடவை.

ராத்திரி சாப்பிட்டதும், “கேஸ் மூடியாச்சுமா” என்று குரல் கொடுத்தார். ஊரில் இருப்பதுபோல இருந்தது. இனி இன்டர்நெட். நினைத்தாலே படுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நவம்பர் 6, வியாழன்

நேற்றிலிருந்து வீடு ஐஸ் பெட்டி. வெந்நீரும் இல்லை. வீட்டைச் சூடாக்கி வெந்நீரும் தருகிற பாய்லரில் சிவப்பு விளக்கு எரிகிறது.

நவம்பர் 8, சனி

பாய்லர்க்காரர் மத்தியானம் வந்தார். ஒரு பட்டனை அழுத்தினார். ஓடியது. ஒரு குறையும் இல்லை, சிவப்பு வந்தால் நீங்களே அழுத்துங்கள் என்று காட்டிவிட்டுப் போனார். இதற்கா நான் அரை நாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர்கள் போட்ட பாட்டைக் கேட்டேன்?

நவம்பர் 11, செவ்வாய்

தினமும் இதே கதை. காலையில் சிவப்பு. அழுத்தினால் பகலெல்லாம் சமர்த்தாக ஓடுகிறது. மறுநாள் காலையில் மறுபடி சிவப்பு. ராத்திரி முழுக்கக் குளிர், மாமாவுக்கு இருமல்.

இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக, “அப்பாவுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கல. ஊர்ல தங்கச்சி வீட்டுக்கே அனுப்பிடலாம். இருபத்திரண்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டுட்டேன்” என்றார். போட்டுவிட்டு அப்புறம் சொல்கிறார்!

நாத்தனார் வீட்டில் மாமாவுக்கு ஹால் சோபாதான். விருந்தாளி வந்தால் அதுவும் இல்லை. அத்தை தவறிப்போன பிறகு அங்கே இருந்த மாதங்களில் மனுஷர் வாயையே திறக்கவில்லை. இப்போதும், “எனக்கென்னமா, எங்க இருந்தா என்ன” என்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போய்விட்டால் பகலெல்லாம் நான் யாரோடு பேசுவது? பாய்லரோடா?

நவம்பர் 13, வியாழன்

பாய்லர்க்காரர் மறுபடி வந்து ஏதோ பார்ட் மாற்றினார்.

நவம்பர் 14, வெள்ளி

சிவப்பு. அழக்கூடத் தெம்பில்லை.

நவம்பர் 15, சனி

மாமாவுக்குக் காய்ச்சல். கஞ்சி குடித்துவிட்டு இருட்டும் முன்பே படுத்துவிட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

பச்சை! வெந்நீர் கொட்டுகிறது, வீடு கதகதப்பாக இருக்கிறது. “புது பார்ட் இப்பதான் செட் ஆயிருக்கு” என்கிறார் இவர், தானே மாட்டியதுபோல.

நவம்பர் 18, செவ்வாய்

மாமாவுக்குக் காய்ச்சல் விட்டது. நேற்று ராத்திரி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இன்று காலை சிவப்பு.

பகலெல்லாம் யோசித்தேன். அவர் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில் மட்டும் எப்படி ஓடியது?

ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும் தொட்டிப் பக்கம் கண் வைத்திருந்தேன். மாமா குனிந்தார். மஞ்சள் கைப்பிடியைத் திருப்பினார். “கேஸ் மூடியாச்சுமா.” நான் வழக்கம்போல, “சரி மாமா.”

அடக் கடவுளே. அடுப்புக்குப் போகிற அதே குழாயில்தானே பாய்லருக்கும் கேஸ் போகிறது! காலையில் காபி போட முதலில் எழுந்து திறப்பவரும் அவர்தான். பாய்லர்க்காரர் வரும்போது வால்வு திறந்தே இருக்கும், பாவம், அவர் என்னத்தைக் கண்டுபிடிப்பார்? மாமா தினமும் சொல்லிவிட்டுத்தான் மூடினார். எனக்கும் உறைக்கவில்லை. கேஸை மூடாமல் நாங்கள் எந்தக் காலத்தில் படுத்தோம்?

நவம்பர் 19, புதன்

இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன். அப்பாகிட்ட இனி அதைத் தொடாதீங்கன்னு சொல்லிடு.”

சொல்லிடு! இந்த வீட்டில் அவருக்கென்று இருக்கிற ஒரே வேலை அது. எங்களைக் குளிரில் போட்டது தான்தான் என்று தெரிந்தால் மனுஷர் ஒரு நாள் தங்கமாட்டார். எனக்குத் தெரியும். இப்போ கேன்சல் பண்ணினா ஏன்னு கேட்பார், கொஞ்சம் பொறுங்க என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

பாய்லர்க்காரரை மூன்றாம் தடவையாக வரவழைத்தேன். அடுப்புக்கு மட்டும் தனியாக ஒரு வால்வு வேண்டும் என்றேன். இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லையே என்றார். எங்கள் வீட்டில் ராத்திரி மூடுவோம் என்று எனக்கு வந்த மொழியில் சொன்னேன். மாட்டிக் கொடுத்தார்.

மாமா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லர்க்காரர் போனதும் கேட்டார்: “அப்போ இத்தனை நாள் வீட்டைக் குளிர வச்சது நான்தானா?”

“நீங்க மூடினீங்க. நான் தினமும் சரின்னேன். ரெண்டு பேரும்தான் மாமா.”

“தெரிஞ்சப்பவே சொல்லியிருக்கலாமேமா.”

“சொன்னா பெட்டியத் தூக்கியிருப்பீங்க.”

மாமா அறைக்குள் போனார். பெட்டி ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது. ராத்திரி சாப்பிட்டார், கை கழுவினார், சமையலறைப் பக்கமே திரும்பாமல் படுக்கப் போய்விட்டார். “கேஸ் மூடியாச்சுமா” இல்லை. நாளை சாயங்காலம் விமானம். கேன்சல் பண்ணவா வேண்டாமா என்று இவர் என்னைப் பார்க்கிறார். நான் என்ன சொல்ல?

நவம்பர் 22, சனி

காலையில் பச்சை. ஸ்வெட்டர் போடாமல் மாமா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் பிடித்துக்கொண்டார்.

“ராத்திரி பூரா அடுப்பு கேஸ் திறந்தே கெடந்திருக்கு! மூடணும்னு உனக்கும் தோணல, அவனுக்கும் தோணல. உங்களை நம்பி நான் எப்படிம்மா ஊருக்குப் போறது?”

இவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார், டிக்கெட்டை கேன்சல் பண்ண.

இன்டர்நெட்காரர் இன்றும் வரவில்லை.