ஒன்று கேட்கும், ஒன்று பேசும்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். போனில் கேட்டால் ஒன்றுமில்லம்மா என்று சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அப்பாவின் போக்கே கொஞ்ச நாளாகச் சரியில்லை. டாக்சி கம்பெனி கழித்துப்போட்ட பழைய வயர்லெஸ் பெட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னறையில் பரப்பிவிட்டார். கூட்டாளி நம் பல் டாக்டர், அவருக்கும் இதே பைத்தியம். ஒரு பெட்டி கேட்க மட்டும், இன்னொன்று பேச மட்டுமாம். குன்றுக்கு அந்தப் பக்கம் ஒருவன் கைக்கருவியில் முணுமுணுத்தால் முதல் பெட்டி கேட்டுக்கொள்ளும், இரண்டாவது அதையே ஊர் முழுக்க உரக்கத் திருப்பிச் சொல்லும். ரிப்பீட்டர் என்று பெயர். பேசுகிற பெட்டி வாயைத் திறந்ததும் கேட்கிற பெட்டிக்குக் காது அடைத்துப்போகிறது என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டு, ஆளுயர உலோகக் குழாய்களை நடுவில் மாட்டி, ஆன்டெனாக்களை மொட்டைமாடியின் இரண்டு மூலைக்கும் பிரித்துவைத்தார்கள். என் துணிக்கொடி போனதுதான் மிச்சம். அதோடு விட்டாரா, இன்டர்நெட்டிலும் கோர்த்துவிட்டார், கடல் தாண்டியும் பேசலாமாம்.

பொழுதுபோக்கு என்றுதான் விட்டேன். ஆனால் பொழுதுபோக்குக்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? நான் நுழைந்தால் சத்தத்தைக் குறைக்கிறார். முகம் செத்துக் கிடக்கிறது, தட்டில் போட்டது அப்படியே இருக்கிறது. ஒருநாள் கதவோரம் நின்றேன், உள்ளே கரகரவென்று ஒரு பெண் குரல். இந்த வயதில் இந்தக் கூத்தா, பல் டாக்டரும் இதற்கு உடந்தையா என்று தூக்கம் போயிற்று. கேட்டால் சும்மா டெஸ்ட் பண்ணுகிறாராம்.

போன வாரம் கடைவாய்ப் பல்லுக்காக அந்த டாக்டரிடமே போனேன், அப்படியே வேவும் பார்க்கலாமே என்று. என் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவைத்துவிட்டு மனுஷன் சாவகாசமாகக் கேட்கிறார்: "பொண்ணுக்கு வயித்துல கட்டி எடுத்தாங்களே, தையல் பிரிச்சாச்சா? ரேடியோல கேட்டுட்டுதான் இருந்தோம், பாவம்." நான் ஆவென்று கிடந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பல்வலி என்று நினைத்துக்கொண்டார்.

ஏம்மா, என்னிடம் மறைப்பதற்கு, ஊருக்கே திருப்பிச் சொல்லுகிற பெட்டியா கிடைத்தது உங்கள் இரண்டு பேருக்கும்? போன் எப்போதும் என் கையில் இருக்கும், அதில் ரகசியம் பேச முடியாது; கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நீயும் அந்தக் காலத்திலேயே அவரோடு பரீட்சை எழுதி ரேடியோவில் பேச லைசென்ஸ் வாங்கியவள், சரி. புதுப் பெட்டியை யார் கேட்கப்போகிறார்கள் என்று அவரும் நினைத்திருப்பார். கருவி வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். ஊருக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கதவுக்குப் பின்னால் கேட்டது உன் குரல் என்று எனக்குப் புரியவில்லையே, அதுதான் ஆறவில்லை. அவ்வளவு வலியிலா பேசினாய்? அது வெறும் கட்டிதானா? பரிசோதனைக்கு அனுப்பினார்களா, என்ன சொன்னார்கள்? இன்னும் எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. இன்று முதல் சாயங்காலம் அந்த அறையில் நாற்காலி போட்டு உட்காரப்போகிறேன், இனி அவர் என்னைச் சந்தேகப்படட்டும். லைசென்ஸ் இல்லாதவள் பட்டனை அமுக்கக் கூடாதாம், அமுக்க மாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ ரேடியோவில் கூப்பிட்டு, உன் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் என்னிடம் சொல். ஊர் கேட்டால் கேட்கட்டும்.

பாரம் தூக்காதே, மாத்திரையைத் தவறவிடாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும், என் கண்ணே.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
அம்மா