ஸ்வீடன் அணியின் ஒன்பதாம் எண்

பிப்ரவரி 8
அப்பாதுரை ஒரு ஏமாற்றுக்காரர். கால்பந்துச் சங்கச் செயலாளர். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. திருவண்ணாமலையில் சர்வதேச மகளிர் போட்டி நடத்துகிறாராம். ஸ்வீடன் வருகிறது, நேபாளம் வருகிறது. ஆறு வருடமாக இதே மைதானத்தில் கல் பொறுக்கிவிட்டு ஆடும் நாங்கள்?

"இது அழைப்புப் போட்டிம்மா ஓவியா. நாங்க அழைச்சவங்கதான் ஆட முடியும்."

"அப்ப எங்களையும் அழைங்க சார்."

"அழைச்சிருக்கேனே! பட்டுப்புடவை, ஆரத்தித் தட்டு. பதினோரு பேரும் வந்துடுங்க."

பிப்ரவரி 9
போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனு போட இருபதாம் தேதி கடைசி. சர்வதேசச் சான்றிதழ் ஒன்று வேண்டும். ஆரத்தி எடுத்ததற்கு எவன் தருவான்?

பிப்ரவரி 11
ஆரத்தி எடுத்தேன். ஸ்வீடன் ஸ்ட்ரைக்கர் இங்க்ரிட் என் கால் தழும்பைப் பார்த்து, நீயும் ஆடுவாயா என்று கேட்டாள். தட்டை அப்பாதுரை தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது.

பிப்ரவரி 12, பௌர்ணமி
அப்பாதுரை ஸ்வீடன் அணியைக் கிரிவலம் கூட்டிப்போனார். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால். இந்த ஊரில் எவனும் வெயில் சாயாமல் கிளம்பமாட்டான். இவர் பகல் பதினொன்றுக்கு! போட்டோவுக்கு வெளிச்சம் வேண்டுமாம். அடி அண்ணாமலையில் எங்கள் கடை வாசலில் அவர்கள் தார் ரோட்டில் துள்ளித் துள்ளிப் போனார்கள். அப்பாதுரை மோர் குடித்துவிட்டு ஆட்டோவில் திரும்பிவிட்டார்.

பிப்ரவரி 13
காலை ஏழுக்கு அப்பாதுரை போன்.

"ஓவியாம்மா, கொப்புளம்மா! ஒருத்தி காலும் ஷூவுக்குள்ள போகல. மஞ்ச ஜெர்சி ரெடியா இருக்கு, ஓடி வாங்க."

"சான்றிதழ்?"

"தர்றேம்மா, தர்றேன்."

ஒன்பதாம் எண் எனக்கு. மைக்கில், "ஸ்வீடன் வீராங்கனை இங்க்ரிட் லார்சன்!"

கூட்டத்தில் ஒருவன்: "இன்னாடா இவ்ளோ கறுப்பா கீது?"

இன்னொருவன்: "நேத்து வெயில்ல மலைய சுத்திச்சில்ல."

சிரித்துக்கொண்டே அடித்தேன். ஒன்றுக்குப் பூஜ்யம். காலில் கட்டோடு நாற்காலியில் இருந்த இங்க்ரிட்தான் அதிகம் கத்தினாள்.

பிப்ரவரி 14
சான்றிதழ். தங்க எழுத்து. "இங்க்ரிட் லார்சன், ஸ்வீடன்."

"உம்பேர போட்டா போட்டி சர்வதேசம் ஆகாதேம்மா" என்கிறார்.

அப்ப ஓடினது யாரு கால்யா?

பிப்ரவரி 19
இங்க்ரிட் ஊருக்குப் போகுமுன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்: "கோல் நான் போடவில்லை. என் காலில் கொப்புளம்." படம் எடுத்து அப்பாதுரைக்கு அனுப்பினேன். நீல டிக் காலையிலேயே விழுந்துவிட்டது.

மறுபடி அனுப்பினேன்: நாளைக்குக் கடைசி நாள். கோல் போட்டவ பேரை எழுதிக் குடுங்க சார்.

நீல டிக்.