உனக்கு மாட்டிவிட்ட கோட்டு

மாப்ள, இன்று காலை காரங்காட்டுக் கரையில், படகு இன்ஜின் மேல் போர்த்தியிருந்த பழைய பிளக்ஸை விலக்கினேன். உன் முகம். கழுத்துக்குக் கீழே எவனுடையதோ கோட்டும் சிவப்பு டையும். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது; எனக்கு வந்த கோபம், உன் அஞ்சலிக்கு இதை அடித்த அன்றைக்கு வந்த அதே கோபம்.

நீ என்றைக்கடா கோட்டு போட்டாய்? கல்யாணச் சட்டைக்கே தையல்காரர் இரண்டாம் தடவை துணி வாங்கிவரச் சொன்னார். அந்தக் கோட்டுக்குள் உன்னில் பாதிகூட அடங்காது.

எடை கூடிவிட்டது என்று கபடி அணியிலிருந்து உன்னைக் கழித்தபோது ஊரே சிரித்தது. நீ செல்போனில் ஜப்பான்காரர்களின் சுமோ மல்யுத்தத்தைப் பார்த்தாய். பழைய வடக்கயிற்றை மணலில் வட்டமாகப் போட்டாய். எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும், இல்லையென்றால் கீழே விழவைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாய். உனக்குக் கிடைத்த எதிராளி நான். எவ்வளவு மணலைத் தின்றிருப்பேன்! இடுப்பில் சுற்றும் அந்த நீளக் கச்சையைத் தனியாளாகக் கட்ட முடியாது. நீ சுற்றிக்கொண்டே வருவாய், மறுமுனையை நான் இழுத்துப் பிடிப்பேன். “ஏலே, நல்லா இறுக்கு. அவுந்துச்சுன்னா தோத்தேன்” என்பாய்.

முதல் தேசியப் போட்டியில் கண்மூடித் திறப்பதற்குள் வெளியே விழுந்தாய். அடுத்த மூன்று முறையும் நீதான் சாம்பியன். பதக்கத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்கியவனுக்கு டீக்கடையில் கிடைத்த வரவேற்பு, “கோவணச் சண்டையில செயிச்சுட்டு வாராரு!” காய்ச்சலில் நீ போனபோதும் ‘தின்னே செத்தான்’ என்றார்கள். நாக்கு கூசவில்லை.

கச்சையோடு நீ பதக்கம் வாங்கிய படத்தைத்தான் அன்று பிளக்ஸ் கடையில் கொடுத்தேன். உன் அண்ணன் மறித்தார். “பொம்பளையாளுக போற ரோடு. கோவணத்தோடயா தொங்கவிடச் சொல்ற?” கடைக்காரர் கம்ப்யூட்டரில் கோட்டை மாட்டிவிட்டார். பெயருக்குக் கீழே சாம்பியன் என்றுகூடப் போடவில்லை. பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. ஊர்மேல் வரும் ஆத்திரத்தைவிட என்மேல் வருவதுதான் அதிகம்.

இன்று நேராக அதே கடைக்குப் போனேன். கச்சையோடு நீ நிற்கும் அதே படம், சாம்பியன் என்ற எழுத்தோடு. “ஒரு ஆளுதானண்ணே, நாலடி அகலம் போதும்ல?” என்றார் கடைக்காரர்.

“ஒரு ஆளுதான். பத்தடி போடுங்க.”

ரோட்டைப் பார்த்த என் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது. உன் அண்ணன் வந்து அவிழ்த்துப் பார்க்கட்டும். நானே ஏறிக் கட்டுவேன். நீ சொன்ன மாதிரி இறுக்கித்தான் கட்டுவேன், மாப்ள.