இடப்பக்கம் போன குண்டுகள்

புத்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஹேமநாத்துக்கு உன் நைனா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

எழுத்து ஏறியும் இறங்கியும் இருக்கும், பொறுத்துக்கொள். இந்த வயதில் கற்றதால் கை இன்னும் படியவில்லை. ‘ழ’ வந்தாலே பேனா நின்றுவிடுகிறது. போனில் சொல்லலாமே என்பாய். நான் வாயைத் திறந்ததும், "செரி நைனா, வச்சிடு, டூட்டிக்கு டைமாச்சு" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லோரும் சுகம். மாமரங்களில் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது.

உன் மனைவி கன்னிகா திருப்பதியில் பழையதாக வாங்கிய ஏர் ரைஃபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுட்டதெல்லாம் இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு மாசிலாமணி, "இன்னாம்மா, குறி அட்டைக்கா, எங்க எருமைக்கா?" என்று தினமும் கேட்டான். நீயும், அவளுக்குக் கை வராது, சித்தூரில் நடக்கும் சுடும் போட்டிக்குப் போய் மானத்தை வாங்க வேண்டாம், விற்றுவிடு என்றாய். அவளும் ஆள் பார்த்துவிட்டாள். வாங்குகிறவர் வருகிற புதன்கிழமை வருகிறார்.

ஆனால் தப்பு கையிலா, துப்பாக்கியிலா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. நேற்று அதை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்துச் சுட்டாள். அப்போதும் இடப்பக்கம்தான். குண்டு உள்ளே இல்லை என்று பார்த்துக்கொண்டு, குழாய் நுனியில் குறிபார்க்க நிற்கும் சின்ன முள்ளைத் தொட்டாள். திருகு தளர்ந்து, முள் ஒரு நூலளவு நகர்ந்திருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. குண்டு இடப்பக்கம் போனால் முள்ளை வலப்பக்கம் தள்ளு, டிராக்டர் ஓட்டியவன் சொல்கிறேன் என்றேன். என் மனம் நோகக் கூடாதென்று அப்படியே செய்தாள். அடுத்த குண்டு அட்டையையே தொடவில்லை. "கண்ணுகிட்ட இருக்கிற பின்னாடி முள்ளுன்னா நீங்க சொல்றது செரி மாமா. முன்னாடி முள்ள மட்டும், குண்டு எந்தப் பக்கம் தப்பிப் போவுதோ அந்தப் பக்கமே தள்ளணும்" என்றாள். அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

முள்ளை இடப்பக்கம் நகர்த்த இரும்பால் தட்டினால் வடு விழுமாம். நான் வெற்றிலை இடிக்கும் பித்தளை உலக்கையை வாங்கிக்கொண்டாள். பென்சிலால் கோடு போட்டு, மெதுவாக ஒரு தட்டு, ஒரு குண்டு, மறுபடி ஒரு தட்டு. எனக்கே பொறுமை போய்விட்டது, அவளுக்குப் போகவில்லை. கடைசியில் திருகை இறுக்கிவிட்டு, மூட்டையை நகர்த்தி, நின்றபடி சுட்டாள். அந்த அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரு ரூபாய்க் காசால் மூடலாம், மூடிப் பார். மாசிலாமணி எட்டிப் பார்த்து, "எருமைய உள்ள கட்டிக்கிறேன், இனிமே குறி வச்சா தப்பாது போல" என்று போய்விட்டான்.

அப்படியானால் சித்தூருக்குப் போகிறாயா என்று கேட்டேன். "அவுரு வித்துடச் சொல்லிட்டாரே மாமா" என்றாள். பிறகு எண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைத்து, வாங்க வருகிறவருக்காக உறையில் போட்டுக் கட்டிவைத்தாள்.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நீ. புதன்கிழமைக்குள் கூப்பிடு, என்னை இல்லை, அவளை. போய்விட்டு வா என்ற ஒரு வார்த்தை போதும்.

நீயும் அவளும் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த வாரமும் எழுதுவேன். சித்தூரைப் பற்றி எழுத ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் நைனா
வேங்கடாசலம்