காசுப் பெட்டிக்கு வாங்கிய பொட்டலங்கள்

பழவேற்காடு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மாப்பிள்ளை ரிஜ்வானுக்கு,

மாமி மெஹர்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். போனை விட்டுவிட்டு இந்த மாமி காகிதத்தை எடுத்திருக்கிறாளே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பாதியில் அழுது மீதியை முழுங்கிவிடுவேன்.

மாஹிராவுக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. நீங்கள் இருக்கிற குஜராத்தில் குழம்பில்கூடச் சர்க்கரை போடுகிறார்களாமே? கால் வீங்கியிருக்கிறது என்றாள். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், என் பேச்சு அவள் காதில் ஏறாது. பிரசவத்துக்கு அவள் இங்கே வரப்போகிறாளே என்று மாடி அறைக்கு வெள்ளையடித்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

நேற்று அவள் போனில் ஒன்று சொன்னாள். "அவரு ஸ்டேஷன் வரைக்கும்தான் வருவாராம், ஊட்டுக்குள்ள வரமாட்டாராம். எல்லாம் அந்தக் காசுப் பெட்டி பேஜாரு. ஒரே ஒரு பாக்கெட்ட போட்டு இன்னாத்துக்குக் கஞ்சத்தனம் பண்ணீங்கன்னு நானும் ஏசிட்டேம்மா." கட்டிய மனைவியிடம்கூட நீங்கள் உண்மையைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏரிக்கரை மணலில் கிடைத்த டச்சுக்காரர் காலத்துச் செப்புக்காசுகளை உங்கள் மாமா காலமெல்லாம் சேர்த்தவர். உப்புக்காற்றில் அவை கெட்டுவிடக் கூடாது என்று நீங்கள் சொந்தப் பணத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வாங்கி வந்து பெட்டி நிறைய வைத்தீர்கள். "ஈரத்தையெல்லாம் இது குடிச்சிடும் மாமி" என்றீர்கள். நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன். மழை பிடித்ததும் வீட்டில் அப்பளம், வற்றல் எல்லாம் நமுத்துப் போயின. காசுக்கு என்ன சளியா பிடிக்கப்போகிறது என்று, பேருக்கு ஒன்றை விட்டுவிட்டு, மற்ற பொட்டலங்களை எடுத்து அப்பள டின்னில் போட்டுக்கொண்டேன்.

மாஹிரா உண்டாகியிருக்கிறாள் என்று நாம் வைத்த விருந்தன்று, பரணிலிருந்த அந்த டின்னை எடுத்துத் தரச் சொன்னேன். திறந்து பார்த்தீர்கள். என்னையும் ஒரு தடவை பார்த்தீர்கள். "அப்புறமா பெட்டியில வச்சிடலாம் மாமி" என்று சிரித்தபடி மூடிக் கொடுத்தீர்கள்.

அதற்குள் உங்கள் மாமா, திருவள்ளூரிலிருந்து வந்திருந்த நாணயம் சேர்க்கும் கூட்டாளி அஃப்தாப் பாய்க்குக் காட்டப் பெட்டியைத் திறந்துவிட்டார். காசெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. அந்த ஒற்றைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, "கம்பெனில தூக்கிப் போட்ட குப்பைய வாரிக்கினு வந்து மாமனாருக்கு சீர் செஞ்சிருக்காரு பாருங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். நீங்கள், "என் தப்புதான் மாமா, இன்னும் நாலு போட்டிருக்கணும்" என்றீர்கள்.

நான் அப்பளத் தட்டோடு அடுப்படி வாசலில்தான் நின்றிருந்தேன். நீங்கள் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. திருப்பினால் எல்லோரும் என்னைப் பார்த்துவிடுவார்கள் என்றுதானே? உங்கள் மாமா என்னைச் சபையில் ஒரு சொல் சொன்னதில்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அது போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் சாப்பிடாமல் எழுந்து புதுவாயலுக்குப் பஸ் ஏறினீர்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனியிலிருந்து குஜராத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனபோதும் நான் பேசவில்லை. வயசாகி என்ன மாப்பிள்ளை, வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

இன்று காலை உங்கள் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. "என் வாயாலதானே அந்தப் புள்ள ஊர விட்டுப் போச்சு" என்று பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அஃப்தாப் பாய்க்கும் நானே போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார், அது ஏச்சைவிட உறைத்தது. காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டேன். தேய்த்தால் இருக்கிற மதிப்பும் போய்விடுமாம், அப்படியே விடச் சொன்னார். மாஹிராவுக்கும் இன்றே சொல்லிவிடுகிறேன். அவள் உங்களை ஏசியதற்கும் நான்தான் பொறுப்பு.

உங்களுக்கு எழுத உங்கள் மாமாவுக்குக் கை வரவில்லை. உறையை மட்டும் வாங்கி விலாசத்தைத் தானே எழுதினார்.

பேரப்பிள்ளை பிறந்ததும் அதன் காதில் முதல் பாங்கு தானே சொல்லவேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்பது உங்களுக்கே தெரியும். இப்போது, "அந்தப் பாங்கு மாப்பிள்ள வாயால இந்த ஊட்டுல கேக்கணும். அவரு வர்ற வரைக்கும் புள்ள காத்துக்கினு இருக்கட்டும், நான் சொல்லமாட்டேன்" என்கிறார். எங்களை எத்தனை நாள் வேண்டுமானாலும் காக்க வையுங்கள், அது நியாயம். பிறக்கப்போகிற பிள்ளையைக் காக்க வைத்துவிடாதீர்கள்.

துஆவுடன்,
உங்கள் முகம் பார்க்க வெட்கப்படும் மாமி,
மெஹர்னிசா